ஞாயிற்றுக்கிழமை அப்டேட்

ஆப் செய்து பிழைக்கிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கை காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அன்றைக்குத்தான் வேலை. மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்து வந்து, இட்லி தின்ற கையைத் துடைத்துக்கொண்டு என் தங்கை லேப்டாப்பைத் திறப்பாள். எங்கள் ஆப்பின் புதுப் பதிப்பு அன்றைக்குத்தான் வெளியே போகும்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. எங்கள் ஊர் மீன்பிடிக் கரையான திரேஸ்புரத்துப் படகுகள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்றைக்குத்தான் எல்லாப் போனும் கரையில் இருக்கும், சிக்னலோடு இருக்கும். மற்ற நாளில் அப்டேட் விட்டால் பாதி போனில் இறங்கும், மீதி போன் கடலுக்குள் பழையதை வைத்துக்கொண்டு திரியும். ஒரே படகில் இரண்டு பேர் இரண்டு விதமான காற்றைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை கரைக்கு வந்ததும் என் தலையில் விடியும்.

ஆப் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அலை எப்படி, நேற்று ஏலத்தில் எந்த மீன் என்ன விலைக்குப் போனது. அவ்வளவுதான். என் தங்கை சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, அங்கே பிடிக்காமல் திரும்பி வந்து, மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இதைச் செய்தாள். நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் கன்டெய்னர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். அந்த ஆபீசை மூடிய பிறகு அவளோடு சேர்ந்துகொண்டேன். ஆப்புக்கான புரோகிராம் கோடு எழுதுவது அவள். திரேஸ்புரத்தில் போய் நின்று திட்டு வாங்கி வருவது நான். கம்பெனி என்று யாராவது சொன்னால் எங்களுக்கே சிரிப்பு வரும்.

ஒரு பதிப்பை வெளியே விடுவது என்றால் என்ன பாடு என்று ஆப்பை உபயோகிக்கிறவர்களுக்குத் தெரியாது. எழுதிய கோடை எல்லாம் கட்டி ஒரே பொட்டலமாக்க வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஐபோன் வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்துகொண்டு இங்கே காற்று எப்படி என்று பார்க்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. பொட்டலத்துக்கு எங்கள் சாவியால் முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் ஸ்டோர் வாங்காது. பிறகு படங்கள், பதிப்பு எண், என்ன மாறியிருக்கிறது என்று தமிழில் நாலு வரி, ஆங்கிலத்தில் நாலு வரி. எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, ஸ்டோர்க்காரர்கள் பார்த்துச் சரி சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். என் தங்கை இதையெல்லாம் பேசிக்கொண்டே செய்வாள். அவளுக்கு ஞாபகமெல்லாம் விரலில்தான்.

அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் போய்விட்டது.

எப்படிப் போனது, ஏன் போனது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. டாக்டர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கால் வீங்கியது, சாப்பாடு இறங்கவில்லை, போய்ப் பார்த்தபோது இரண்டும் சுருங்கிப்போயிருந்தன. நான் தருகிறேன் என்று போய் நின்றேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கூடாது என்றார்கள். அம்மாவுக்கு வயது ஒத்துவரவில்லை. தானமாக ஒன்று கிடைக்கும் வரிசையில் பெயர் எழுதி வைத்துக்கொண்டு டயாலிசிஸ் தொடங்கினோம். செவ்வாய், வியாழன், சனி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று அவள்தான் கேட்டு வாங்கினாள்.

டயாலிசிஸ் நாற்காலியில் இடது கையை அசைக்க முடியாது. ஊசி இரண்டும் அதில்தான் இருக்கும். வலது கையால் மட்டும் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை போய் வந்தால் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்கவே பாதி நாள் ஆகும். பூசைக்குப் போய் வந்த களைப்பில் ரிலீஸ் வேலையை ஆரம்பித்து, நடுவில் தலை சுற்றிப் படுத்துவிடுவாள். ஒரு ஞாயிறு நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். போன வாரத்துப் பதிப்பு எண்ணையே மறுபடியும் போட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஸ்டோர் திருப்பி அனுப்பியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி திரும்பி வந்தது. லேப்டாப்பைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளே படுத்திருந்த அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

"அண்ணே, என்னத்துக்கு அதுகிட்டப் போய்க் கத்துத? அதே நம்பரக் குடுத்தா எவன் வாங்குவான்?"

"நீயே வந்து பண்ணு. எனக்கு இந்தச் சனியன் வேண்டாம்."

"நானும் பண்ண வேண்டாம், நீயும் பண்ண வேண்டாம். இனி மிஷினு பாத்துக்கிடும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. எழுதிய கோடை அவள் ஒரு இடத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும், மீதியை எங்கோ இருக்கும் ஒரு கணினி தானாகச் செய்யும்படி வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். அந்த வரிசைக்குப் பைப்லைன் என்று பெயர். முதலில் பரிசோதனை. அதில் தேறினால் ஆண்ட்ராய்டுப் பொட்டலம். பிறகு ஐபோன் பொட்டலம். அதற்கென்று வேறு ஜாதிக் கணினி வேண்டும், அதையும் வாடகைக்குப் பிடித்தாள். எண்ணைத் தானே ஒன்று கூட்டிக்கொள்ளும். முத்திரையைத் தானே போட்டுக்கொள்ளும். படங்களைக்கூடத் தானே எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் ரத்தம் போய் வந்துகொண்டிருக்க, ஒற்றைக் கையால் எழுதினாள். அந்த எழுத்தில் ஒரு வரி ஒரு இடைவெளி தள்ளி உட்கார்ந்தால்கூட முழுதும் படுத்துவிடும். படுத்துவிட்டது என்று நர்ஸ் பிள்ளையிடம் சொல்லுவாள். அந்தப் பிள்ளை பயந்துபோய் டயாலிசிஸ் மெஷினைப் பார்க்கும்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சாவி இருந்த ஃபைலை அவள் லேப்டாப்பிலிருந்து எடுத்துப் பத்திரமான பொது இடத்தில் வைத்தாள். அவள் பெயரில் இருந்த கணக்குகளை என் பெயருக்கு மாற்றினாள். ஐபோன் சான்றிதழை வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், அதையும் மிஷினே செய்யும்படி ஆக்கினாள். ஒவ்வொரு வாரமும் அவள் கையில் இருந்த ஒரு வேலை அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. வீட்டை ஒழுங்கு பண்ணிவைத்துவிட்டு ஊருக்குப் புறப்படுகிறவள் மாதிரி இருந்தாள். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

கடைசிப் படியை மட்டும் அவள் மிஷினுக்குக் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் மாமாவின் படகு.

அந்த வருஷம் மாமா புதுப் படகு இறக்கினார். என்ஜினை ஓட்டிப் பார்த்தாயிற்று. பெயின்ட் காய்ந்தாயிற்று. வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றியாயிற்று. ஆனாலும் படகு அசையாமல் நின்றது. கோயில் சாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிக்க வேண்டும். எங்கள் கரையில் மந்திரிக்காமல் எந்தப் படகும் தொழிலுக்குப் போகாது. சாமியாருக்கு அன்றைக்கு வேறு ஊரில் ஒரு சாவுப் பூசை. அவர் வரும்வரை அத்தனை பேரும் வெயிலில் காத்திருந்தோம். வந்தார், செபம் சொன்னார், தீர்த்தம் தெளித்தார், படகின் மூக்கில், அணியத்தில் கையை வைத்தார். அடுத்த நிமிஷம் படகு போய்விட்டது. தங்கை குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா அண்ணே, எல்லாம் சரியா இருந்தாலும் கடைசில ஒரு மனுசன் வந்து கைய வைக்கணும். நம்ம பைப்லைன்லயும் அப்படி ஒண்ணு வேணும்."

மிஷின் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஸ்டோர் வாசலில் நிற்கும். ஒரு ஆள் சரி என்று அமுக்கினால்தான் உள்ளே போகும். அந்தப் படிக்கு அவள் வைத்த பெயர் 'மந்திரிப்பு'. அமுக்கும் அதிகாரம் அவளுக்கு மட்டும். மருந்து மயக்கத்தில் தூங்கிவிட்டால் தெரியாதே என்று, அந்த அழைப்பு வந்தால் அவள் போன் விடாமல் அடிக்கும்படி செய்தாள். அதற்கு என்ன சத்தம் வைத்தாள் தெரியுமா? எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அண்ணாச்சியின் பைக்கில் இருக்கும் ரப்பர் ஹாரன். அதை அவரிடமே கேட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தாள்.

முதல் தடவை அது அடித்தபோது அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் ஆளைக் காணோம். திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழம எவன் மீன் கொண்டாரான்?" என்று எங்களையே கேட்டாள். மீன்காரரும் திரேஸ்புரத்துக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். தங்கை போனைத் தூக்கிக் காட்டினாள். அம்மாவுக்கு அப்படி ஒரு கோபம். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கேட்டால், "ஏளா, ஒன் மிஷினு கூப்பிடுது" என்று அவளே போனைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தங்கை கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவாள். ஹாரன் நிற்கும். பதிப்பு போய்விடும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, மந்திரிப்புல ஒம் பேரையும் சேத்துக்கோ."

"எதுக்கு? நீதான் இருக்கியே."

"நாளைக்கு நான் இல்லன்னா?"

"ஏளா, வாய மூடு."

"நான் என்ன இல்லாததயா சொல்லுதேன்? திங்கக்கெழம அம்புட்டுப் பேரும் காத்தப் பாத்துத்தான் போறாவ. நான் கெடக்கேன்னு அது நின்னுறக் கூடாதுல்லா. அது போய்க்கிட்டே இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதியா இருக்கும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். தான் போனாலும் ஆப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்கு நான் செய்ய வேண்டியது ஒரு பக்கத்தைத் திறந்து என் பெயரைச் சேர்ப்பது. கை சுளுக்கும் வேலை ஒன்றும் இல்லை. ஆனால் என்னால் முடியவில்லை. என் பெயர் அங்கே ஏறிவிட்டால் அவளுக்கு இந்த வீட்டில் வேலை எதுவும் பாக்கி இருக்காது என்று எனக்குப் பட்டது. இந்த ஒரு பொத்தானுக்காகவாவது அவள் இருந்தாக வேண்டும் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அவள் நினைத்திருந்தால் தானே சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நான் சேர்க்க வேண்டும் என்று காத்திருந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போடும் இடத்தில் கிருமி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பதிப்பு போக வேண்டியிருந்தது. ஏல விலையில் நெத்திலிக்குப் பக்கத்தில் சாளையின் விலை வந்துகொண்டிருந்தது. வியாபாரிகள் என்னைப் போனில் பிய்த்து எடுத்தார்கள். அவள் சொல்லச் சொல்ல அதை நானே திருத்தினேன். மிஷின் எல்லாவற்றையும் முடித்தது. வார்டில் ஹாரன் அடித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியம்மா திடுக்கிட்டு எழுந்து, "மீனா? இங்கனயுமா வாரான்?" என்றாள். வார்டே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். போனை நான் அவள் கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். விரல் இரண்டு தடவை தவறியது. மூன்றாவதில் பட்டது.

"அப்டேட் போயிட்டா?"

"போயிட்டு."

"ஒம் பேரச் சேத்துரு அண்ணே."

"வீட்டுக்கு வா, சேத்துருதேன்."

அவள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் நான் சொன்ன மாதிரி வரவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கத்துக்குத் திரேஸ்புரத்திலிருந்து நான் எதிர்பார்க்காத கூட்டம் வந்தது. அவளை நேரில் பார்த்திராதவர்கள் பாதி. அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வந்தவர்களும் இருந்தார்கள். ஒரு படகு ஓட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, காத்தப் பாக்கும்போதெல்லாம் பாப்பாவ நெனச்சுக்கிடுவோம்" என்றார். நான் சரி சரி என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. எல்லார் மேலும் கோபமாக வந்தது. சாப்பாட்டுக்கு வாழை இலை வரவில்லை என்று ஒரு ஆளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

முப்பதாம் நாள் பூசை முடியும்வரை நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஆப் தன் பாட்டுக்கு ஓடியது. பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாளில் போன் வர ஆரம்பித்தது. "அண்ணாச்சி, நேத்துக் காத்தே இன்னைக்கும் காட்டுது. இங்கன ஆள நிக்க விடாம அடிக்கி, ஒம்ம ஆப்புல அமைதியா இருக்குன்னு போட்டிருக்கு." காற்று விவரம் தருகிற இடத்தில் அதைக் கொடுக்கும் முறையை மாற்றியிருந்தார்கள். சென்னையில் அவளோடு வேலை பார்த்த ஒரு தோழி போனிலேயே சொல்லிக் கொடுத்துக் கோடைத் திருத்த வைத்தாள். திங்கட்கிழமை படகுகள் போவதற்குள் புதுப் பதிப்பு போயாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து முன்னறையில் உட்கார்ந்தேன். திருத்திய கோடைக் கொண்டுபோய் வைத்தேன். மிஷின் எழுந்துகொண்டது. பரிசோதனை, பச்சை. ஆண்ட்ராய்டு, பச்சை. ஐபோன், பச்சை. எண்ணைத் தானே ஒன்று கூட்டிக்கொண்டது. செத்துப்போனவள் ஒற்றைக் கையால் எழுதிவைத்தது ஒரு வரி பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. ஒரு தப்பாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

மந்திரிப்பு. மஞ்சள். காத்திருக்கிறது.

அப்போது உள்ளறையில் ஹாரன் அடித்தது.

அவள் போன். அந்தப் போன் எப்போதோ உயிர் விட்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுந்து போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போன் அவள் இரண்டு கையிலும் இருந்தது. சார்ஜர் வயர் சுவரிலிருந்து தொங்கியது. தினமும் சார்ஜ் போட்டு, துடைத்து, தங்கையின் தலையணை மேல் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் அந்த அறைக்குள்ளேயே போவதில்லை.

"ஏலே, அடிக்குல." அம்மாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது. "அவ மிஷினு கூப்பிடுதுல. யாருகிட்டக் குடுக்க?"

அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதேன். ஹாரன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை படகு போகுமே என்ற நினைப்பில்தான் எழுந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, அவள் பெயருக்குக் கீழே என் பெயரைச் சேர்த்தேன். அவள் பெயரை எடுக்கவில்லை. சேர்த்ததும் என் போனும் சாதாரணமாக ஒரு தடவை மணி அடித்தது. அமுக்கினேன். உள்ளே ஹாரன் நின்றது. பதிப்பு போய்விட்டது. அவள் நிம்மதி என்று சொன்னது நடந்துவிட்டது. பார்க்க அவள் இல்லை.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"நின்னுட்டுல."

"நான்தான் அமுக்குனேன்மா."

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் அடிக்குமா?"

அடுத்த வாரம் மாற்ற ஒன்றும் இல்லை. காற்று சரியாகிவிட்டது. நெத்திலியும் சாளையும் அவரவர் விலையில் இருந்தன. "அடிக்கும்மா" என்றேன்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் எங்கள் ஆப்புக்கு அப்டேட் போகிறது. பெரும்பாலும் உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. எங்காவது ஒரு காலி வரியைச் சேர்ப்பேன், அடுத்த வாரம் அதையே எடுப்பேன். மிஷின் ஏன் என்று கேட்பதில்லை. என்ன மாறியிருக்கிறது என்ற இடத்தில் 'சிறு திருத்தங்கள்' என்று போட்டுவிடுகிறேன். திரேஸ்புரத்தில் மட்டும் கேட்கிறார்கள். "என்ன அண்ணாச்சி, வாரா வாரம் அப்டேட்டுங்கீரு, ஒண்ணும் மாறுன மாதிரித் தெரியலயே?" உள்ளுக்குள் மாறியிருக்கிறது, உங்களுக்குத் தெரியாது என்று எரிந்து விழுகிறேன்.

பூசை முடிந்து வந்ததும் அம்மா உள்ளறைக்குப் போய்த் தங்கையின் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறாள். நான் முன்னறையில் மிஷினைக் கிளப்பிவிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் ஹாரன் அடிக்கிறது. "இந்தா அவ வாரா, இந்தா வாரா" என்று அம்மா போனிடம் சொல்லுவது எனக்குக் கேட்கிறது.

நான் உடனே அமுக்குவதில்லை.